டாக்ஸ்ஹுண்ட் வளைக்குள் போனது

பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்ததோடு சரி, இரண்டு மாடிவீடு கட்டியவன் நான். இந்த நாய் விவரம் மட்டும் பாகூர் பஸ்ஸில்தான் தெரிந்தது. முன்சீட்டில் புருஷன், பெண்டாட்டி. அவர்கள் வளர்க்கும் டாக்ஸ்ஹுண்ட் நாய் கரும்புக்கொல்லை வரப்பில் பெருச்சாளி வளைக்குள் பூந்துவிட்டதாகப் போன் வந்திருந்தது.

"பயப்படாதடி. டாக்ஸ்னா ஜெர்மன்ல வளைக்குள்ள இருக்கிற ஒரு பிராணி, ஹுண்ட்னா நாய். உள்ள பூந்து அத்தப் புடிக்கத்தான் இந்தக் குட்டக்காலு."

"இன்னிக்கு பெருச்சாளியக் கொல்ல அங்க வளைக்குள்ள புகை போடுறாங்கன்னு தெரியாதா? வெளிய வர்ற மத்த வாயெல்லாம் சேறு வச்சி அடைச்சிருப்பாங்களே!"

அவன் கொல்லைக்காரருக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. மறுபடி போட்டான்.

"உள்ள போவும்னு பேரு வச்சான், சரி. வெளிய வரும்னு வச்சானா?"

அவன் எழுந்து படிக்கட்டில் போய் நின்றான். ஊர் இன்னும் வரவில்லை.