இயக்குநரிடம் கேட்கத் தகுந்த கேள்விகள்

வகுப்பில் படம் போடுவது சோம்பேறி வாத்தியாரின் வேலை என்பார்கள். அப்படிச் சொல்கிறவர்கள் படத்தை ஓடவிட்டுத் தூங்குகிறவர்கள். நான் ஒருநாளும் தூங்கியதில்லை, கேப்டன். சன்னல்களில் கறுப்புத் துணி கட்டிவிட்டு, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு நானும் பெஞ்சில் உட்கார்ந்து பார்ப்பேன். ஆவணப்படத்தைப் பார்ப்பது பாதி வேலைதான். அதை எடுத்தவரை வரவழைத்து, பிள்ளைகளுக்கு எதிரில் உட்காரவைத்துப் பேசவைப்பது மீதி வேலை. நீக்ரோஸ் தீவில் எங்கள் பக்கத்தில் இதை ஒழுங்காகச் செய்த வாத்தியார் நான் ஒருவன்தான். ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், அதனால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

லிவாயை வரவழைத்ததும் நான்தான். மணிலாப் பெண். கூலி உயர்வு கேட்ட மூன்று கரும்புவெட்டிகள் காணாமல் போனதைப் படமாக எடுத்திருந்தாள். எங்கள் ஊர் அழுக்குத்துணியை மணிலாவில் காயப்போட்டுப் பேர் வாங்குகிறவள். அவளை எனக்குப் பிடிக்கவில்லை, அதை மறைப்பானேன். கரும்புத்தோகை ஒருமுறைகூடக் கையைக் கிழிக்காதவர்கள் கரும்பைப் பற்றிக் கண்ணீர் விட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் படத்தில் ஒரு சாட்சி பேசுகிறான். முதுகு மட்டும்தான் தெரியும். குரலையும் மாற்றியிருந்தார்கள். மூன்று பேரையும் லாரியில் ஏற்றியதைப் பார்த்தேன், ஏற்றியவரையும் தெரியும், நீதிமன்றத்துக்கு வந்து சொல்வேன் என்கிறான். ஏற்றியவர் என் அண்ணன், தோட்டத்து மேஸ்திரி. என்னைப் படிக்கவைத்தவர். அவர் செய்தாரா இல்லையா என்று நான் கேட்டதில்லை. சோறு போட்டவரிடம் கேட்கிற கேள்வியா அது?

படம் வெளிவந்ததும் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார்.

"யார்றா தம்பி அவன்? நீதான் படிச்சவனாச்சே, முதுகைப் பாத்துச் சொல்லேன்."

"முதுகுல என்னண்ணே எழுதியா ஒட்டியிருக்கு? எடுத்தவளைக் கூப்பிட்டுக் கேப்போம்."

"உங்கிட்டச் சொல்லிடுவாளாக்கும்."

"எங்கிட்டச் சொல்ல மாட்டா. பிள்ளைங்ககிட்டச் சொல்லுவா."

இந்த மாதிரி ஆட்களை எனக்கு நன்றாகத் தெரியும். பல பேரை வகுப்புக்குக் கூப்பிட்டிருக்கிறேன். சாட்சியின் பெயரைக் கேட்டால் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொள்வார்கள். அடித்தாலும் சொல்ல மாட்டார்கள். ஆனால் விளக்கு எங்கே வைத்தீர்கள், ஒலிப்பதிவு எப்படிச் செய்தீர்கள் என்று தொழிலைப் பற்றிக் கேளுங்கள், பட்ட கஷ்டத்தையெல்லாம் கொட்டிவிடுவார்கள். அதிலும் பிள்ளைகள் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டால் கேட்கவே வேண்டாம்.

எப்போதும்போல ஆளுக்கொரு கேள்வி தயாரிக்கச் சொன்னேன். நான் திருத்தித் தருவது வழக்கம். ஒருவன் "அந்தச் சாட்சி யார்?" என்று எழுதியிருந்தான். அது நாகரிகமில்லாத கேள்வி என்று கண்டித்து, சிவப்பு மையால் கோடு போட்டு அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக ஒலிப்பதிவைப் பற்றிக் கேட்கச் சொன்னேன்.

லிவாய் வந்தாள். பிள்ளைகளோடு உடனே ஒட்டிக்கொண்டாள், அந்தக் கலை அவளுக்குக் கைவந்திருந்தது. வெளிச்சத்தைப் பற்றி ஒருத்தி கேட்டாள். ஒரே சன்னல், அதையும் பாயால் மூடினோம் என்றாள். பிறகு நான் கேள்வியை மாற்றிக் கொடுத்த பையன் எழுந்தான்.

"வெளிச் சத்தம் தொந்தரவு பண்ணலையா மிஸ்?"

"ஐயோ, அதை ஏன் கேக்குறே. பக்கத்துலயே ஐஸ் பாக்டரி. மெஷின் ஓட ஆரம்பிச்சா நாங்க எல்லாரும் கப்சிப். அவரு பாவம், பாதிப் பேச்சுல வாயைத் திறந்தபடியே உக்காந்திருப்பாரு."

வகுப்பே சிரித்தது. ஊரில் ஐஸ் பாக்டரி ஒன்றே ஒன்றுதான். அதன் பின்னால் ஏழெட்டு வீடுகள் இருக்கின்றன. எந்த வீடு என்பதை லிவாய் சொல்லவில்லை. ஆனால் நான் லிவாயைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வாத்தியார் பிள்ளைகளைத்தான் பார்க்க வேண்டும். எல்லாரும் சிரிக்கையில் ஜோவிலின் என்ற பெண் மட்டும் சிரிக்கவில்லை. முகம் வெளிறி, போதும் நிறுத்துங்கள் என்று கெஞ்சுகிற மாதிரி லிவாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தூக்கினாள்.

"மிஸ், பேசினது போதுமே. உங்க வேற படம் ஏதாவது போடுங்களேன்."

படம் எடுத்தவளுக்கு இல்லாத புத்தி அவளுக்கு இருந்தது. நல்ல மாணவி. அவள் அப்பா நார்சிங், லாரிக்குக் கரும்பு ஏற்றுகிற கூலியாள். அந்த ஏழெட்டு வீடுகளில் ஒன்று அவர்களுடையது.

அண்ணனிடம் நான் அதிகம் பேசவில்லை. "ஐஸ் பாக்டரிக்குப் பின்னால, நார்சிங்" என்றேன். "அவ்வளவு போதும்டா" என்றார். போய்ப் பேசிப் பார்ப்பார், அரிசி மூட்டை இறக்குவார், கொஞ்சம் மிரட்டுவார் என்றுதான் நினைத்தேன். அப்படி நினைத்ததாகவே எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலையில் ரொட்டி வாங்கப் போன நார்சிங்கை மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் சுட்டார்கள். அது அண்ணனின் விஷயம். நான் கேள்விகளைத் திருத்தியவன், அவ்வளவுதான்.

துக்கத்துக்கு வகுப்போடு போனேன். காபி, பிஸ்கட், வாசலில் சீட்டாட்டம், எல்லாம் முறைப்படி நடந்தது. கொலையுண்டவரின் சவப்பெட்டிமேல் அரிசி தூவிக் கோழிக்குஞ்சு விடுவார்களே, அதுவும் இருந்தது. குஞ்சு கொத்தக் கொத்தக் கொன்றவன் மனசையும் அது கொத்தும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. அந்தக் குஞ்சு கொத்தாமல் தூங்கி வழிந்தது. நான்தான் அரிசியை அதன் பக்கமாகத் தள்ளிவைத்தேன். மளமளவென்று கொத்தியது. எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கொன்றது நான் இல்லை என்பதற்கு வேறென்ன அத்தாட்சி வேண்டும்?

லிவாயும் வந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"எங்க சார் தப்புப் பண்ணேன்? முகம், குரல், தெருப் பேரு, எல்லாத்தையும் மறைச்சேனே."

"எங்கயாவது வாய் விட்டிருப்பீங்க. யோசிச்சுப் பாருங்க" என்றேன்.

உண்மையைத்தானே சொன்னேன். அவள் இப்போது படம் எடுப்பதில்லை என்று கேள்வி. ஊருக்கு அது நல்லது.

கிளம்பும்போது ஜோவிலின் வாசல்வரை வந்தாள். அழவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அந்த மூணு பேரை லாரியில ஏத்தின அன்னைக்கு அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன். அவர் பாத்ததை நானும் பாத்தேன். கோர்ட்டுல நான் சொல்லப்போறேன். முகத்தை மறைக்காமலே. உங்ககிட்ட மட்டும்தான் சொல்றேன் சார்."

"யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். அண்ணனிடம் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் மாணவியை நானே காட்டிக்கொடுப்பேனா? சின்னப் பெண்ணுக்குப் பாதுகாப்பு வேண்டும். அதனால்தான் முறைப்படி காவல் நிலையத்துக்கு வந்து, என் பங்கையும் ஒளிக்காமல், உங்களிடம் சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீங்களும் அண்ணனும் ஒரே ஜீப்பில் சேவல்சண்டைக்குப் போவீர்கள் என்பது எனக்குத் தெரியாததில்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? நீங்கள் போலீஸ். பாதுகாப்பு கொடுக்க வேண்டுமானால் அவள் போகிற வழி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளி விட்டதும் கரும்புக்காட்டுக் குறுக்குவழியில்தான் வீட்டுக்குப் போவாள். தனியாகத்தான் போவாள்.