பேரில்லாத பட்டியல்

— வெர்லின், வாசல் கேட்டுல வேன்காரன் ஹாரன் அடிக்கிறது உனக்குக் கேக்கலையா? இல்ல, கேக்காத மாதிரி நிக்கிறியா?

— கேக்குது டார்லா. இந்தக் கிடேரிக்கு இது முதல் ஈத்து. குளம்பு தெரிஞ்சு அரை மணி ஆச்சு, அதுக்கு மேல ஒண்ணையும் காணோம். இதைப் போட்டுட்டு கடல் பாக்கப் போகச் சொல்றியா?

— நாலு நாளா இதே கதைதான். ஞாயித்துக்கிழமை வேலி அறுந்துருச்சுன்ன. நானே போய்க் கட்டிட்டு வந்தேன். நேத்து முதலாளி லீவு தரமாட்டாருன்ன. அந்த மனுஷன் சமையக்கட்டுக்கே வந்து, “உம் புருஷன் ஒரு வாரம் என் கண்ணுல படக்கூடாது”ன்னு சொல்லிட்டுப் போறாரு.

— அவருக்கென்ன, சொல்லுவாரு. நானூறு மாட்டை யாரு பாக்குறது?

— ஏன், நான் பாக்க மாட்டேனா? பக்கத்துப் பண்ணையிலேர்ந்து ரெண்டு ஆளு வராங்க. நீ என்ன, உன் குதிரைக்குக்கூட உன்னைவிட்டா ஆளில்லன்னு நெனச்சியா?

— குதிரைக்குத் தெரியும். வேற யாரு ஏறினாலும் தள்ளிவிட்டுரும்.

— ஏய்யா, பத்தொம்பது வருஷமா இந்த மலைமேட்டுல கூலிக்கு மாடு மேய்க்கிற. அதுல ஒம்பது வருஷம் காலேஜ் படிப்பும் சேந்துக்கிச்சு. உன் புத்தகத்துல சாணி ஒட்டின பக்கத்தையெல்லாம் ஈரத்துணி வெச்சுத் துடைச்சவ நானு. உன்கூடப் படிச்ச பிள்ளைங்க, “வெர்லின் இல்லாம நாங்க டூர் போகல”ன்னு வாசல்ல வந்து நிக்குதுங்க.

— நீயே சொல்ற பாரு, பிள்ளைங்கன்னு. அதுங்களுக்கு இருபத்திரெண்டு வயசு. எனக்கு நாப்பத்தஞ்சு. ஒரேகன் கடற்கரையில நான் என்ன பண்ணுவேன்? அதுங்க குளிக்கிறப்போ துண்டுக்குக் காவல் இருக்கணும்.

— இருந்துட்டு வா. கடலையாவது பாத்த மாதிரி இருக்கும்.

— உள்ள வரலாமா? ஐயோ, இதுக்கு என்ன ஆச்சு?

— வாம்மா பெய்லி. நல்ல நேரத்துல வந்த. வெர்லின் உன் நோட்டைப் பாத்துத்தான் பாதி படிப்பைப் படிச்சான், இப்ப உன் பேச்சையாவது கேக்குறானான்னு பாரு.

— வெர்லின், பெட்டியெல்லாம் கட்டியாச்சு, உங்களுக்கு ஜன்னல் சீட்டு வெச்சிருக்கோம். சத்தியமா, நீங்க வந்தாத்தான் வண்டி கெளம்பும்.

— பேச நேரமில்ல பெய்லி. கன்னு பின்பக்கமா வருது, இது பின்னங்கால். டார்லா, அந்தச் சங்கிலியை எடு, கன்னுக் கால்ல மாட்டி இழுக்கணும். பெய்லி, நீ இங்க பிடி. ரெண்டு கையாலயும்.

— நானா? இந்தச் சட்டை புதுசு!

— கடல்ல கழுவிக்கலாம். கிடேரி முக்கும்போது மட்டும் இழு. இப்ப இழு! கீழ்ப்பக்கமா. நிறுத்து. மூச்சு விடு, நீயும் விடு, அவளும் விடட்டும். இப்ப!

— வருது! வெர்லின், வருது... ஐயோ, விழுந்துருச்சு. அசையவே இல்லியே?

— டார்லா, வைக்கோல் ஒண்ணு குடு, மூக்குல விடணும். பெய்லி, அந்தச் சாக்கை எடுத்து நெஞ்சுல தேய். இன்னும் அழுத்தி. கன்னுக்கு வலிக்காது, தேய்!

— தும்முது! தும்மிருச்சு!

— சரிதான். மூஞ்சியைத் துடைச்சு தாய்கிட்ட தள்ளிவிடு. அவ நக்கிப்பா.

— ஆச்சா? கன்னும் வந்தாச்சு. இனிமே என்ன சாக்கு வெச்சிருக்க? கையைக் கழுவிட்டு நட, வெர்லின்.

— டார்லா...

— என்ன? ஏன் இப்படி உக்காந்துட்ட? இடுப்பு பிடிச்சுக்கிச்சா?

— நான் பாஸ் பண்ணல.

— என்னது?

— ஏப்ரல் கடைசியில பனிப்புயல் அடிச்சுதே. அன்னைக்குத்தான் கடைசிப் பரீட்சை. டவுனுக்குப் போறேன்னு உங்கிட்ட சொல்லிட்டுக் கெளம்பினேன். வடக்கு மேய்ச்சல்ல மாடுங்க வேலியோரமா மாட்டிக்கிட்டு நின்னுச்சு. விட்டுட்டுப் போக மனசு வரல. கன்னுங்களை வண்டி முன்சீட்டுல அடுக்கி, ஹீட்டரைப் போட்டு, மேய்ச்சலுக்கும் கொட்டகைக்குமா ஓட்டிக்கிட்டிருந்தேன். முடிச்சு நிமிந்தப்போ பொழுது சாஞ்சிருச்சு. ஆகஸ்டுல மறுபடி எழுதச் சொல்லிட்டாங்க.

— எங்கிட்ட பாஸுன்னு சொன்ன.

— சொன்னேன்.

— நான் பண்ணை பூரா கேக்கு சுட்டுக் குடுத்தேன், வெர்லின். மாட்டு டாக்டருக்குக்கூட குடுத்தேன்.

— தெரியும். அந்தக் கேக்குதான் இன்னும் எனக்கு உள்ள இறங்கல. பட்டமளிப்பு விழாவுக்குக் கூட்டிட்டுப் போன்னு நீ கேட்டப்போ, மாடு ஈனுதுன்னு பொய் சொன்னேன். ஒம்பது வருஷமா என் புத்தகத்தைத் துடைச்சியே, உன் மூஞ்சியைப் பாத்து எப்படிடி சொல்றது?

— மூஞ்சியைப் பாத்துத்தான் சொல்லணும். வேற எதைப் பாத்துச் சொல்லுவ? ... எத்தனை கன்னு?

— என்ன?

— அன்னைக்கு எத்தனை கன்னைக் கொண்டாந்த?

— பதினேழு.

— பதினேழும் பொழைச்சுதா?

— எல்லாம் பொழைச்சுது.

— அப்புறம் ஏய்யா தலையைத் தொங்கப்போட்டிருக்க? ஆகஸ்டுல நானே கூட்டிட்டுப் போய், நீ எழுதி முடிக்கிறவரைக்கும் வாசல்லயே உக்காந்திருப்பேன். ஆனா இன்னொரு தரம் எங்கிட்ட ஒளிச்ச, தொலைச்சுருவேன். எந்திரி. அழாத, அந்தப் பொண்ணு பாக்குது.

— இல்ல டார்லா, பட்டம் வாங்கினவங்க போற டூர் அது. நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது? பெய்லி, நீங்க அஞ்சு பேரும் சந்தோஷமா போயிட்டு வாங்க.

— மாட்டேன். விழாவுல குடுத்த, பட்டம் வாங்கினவங்க பட்டியல்ல உங்க பேரு இல்லன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.

— தெரிஞ்சுமா இவ்வளவு தூரம் வந்த? என்னைப் பாத்தாப் பாவமா இருந்துச்சோ?

— பாவம்லாம் பாக்கல, வெர்லின். அந்தப் பட்டியலை மேலேர்ந்து கீழ வரைக்கும் நாலு தடவை படிச்சும் கெடைக்கல. நான் தேடினது உங்க பேரை இல்ல, என் பேரை.