சவாசனத்தைச் சவாசனம் என்றே சொன்னவருக்கு

முடங்கிய முதுகுகளை நிமிர்த்திய முதன்மையே! மூச்சு விடவே அஞ்சியவர்க்கு மூச்சின் முறைமை சொன்ன மூத்தவரே! கைத்தடியோடு வந்தவரைக் கைவீசி நடக்கவைத்த கருணையே! இம்மருத்துவமனையின் யோகக் கூடத்தை இளமை தொட்டு இன்றுவரை கட்டிக்காத்து, பணி நிறைவு காணும் எங்கள் ஆசன அம்மாவே! வணக்கம்.

இத்தகைய மடல்கள் இனிப்பாகத் தொடங்கி இனிப்பாகவே முடிவது வழக்கம். முன்வரிசையில் வீற்றிருக்கும் நிர்வாகி அவர்களும் அதையே எதிர்பார்த்திருப்பார். பொறுத்தருள வேண்டும். நெஞ்சு கொதிக்கும்போது நாவில் தேன் தடவிக்கொண்டு நிற்க எங்களுக்குத் தெரியவில்லை.

மேல்மாடியின் கோடியில், சலவைக்குப் போன போர்வைகளின் ஈரவாடை வீசும் அந்த நீள அறையில், தாங்கள் ஆசனங்களை மட்டுமா கற்றுத் தந்தீர்கள்? ஒவ்வொன்றின் வடமொழிப் பெயரையும் உடைத்து உள்ளே இருப்பதை எடுத்துக் கையில் கொடுத்தீர்கள். “புஜங்கம்னா பாம்பு. பாம்பு தலையைத்தான் தூக்கும், இடுப்பைத் தூக்காது” என்பீர்கள், தப்பாக எழும்பிய இடுப்பெல்லாம் தானே தரையில் படியும். “சேதுன்னா பாலம், பந்தம்னா கட்டுறது. உங்க முதுகுக்குக் கீழ தண்ணி ஓடுற மாதிரி இருக்கணும்” என்பீர்கள், வளையாத கொத்தனாரும் வளைவார். பவனமுக்தாசனம் வந்துவிட்டாலோ கூடமே களைகட்டும். “பவனம்னா காத்து, முக்தம்னா விடுதலை. விடுதலையாகிப் போறது போகட்டும், யாரும் யாரையும் திரும்பிப் பாக்கக் கூடாது!” வலியால் முகம் சுளித்தவர்களும் வாய்விட்டுச் சிரித்த அந்த ஒலி, கீழே மருந்து கட்டிக்கொண்டிருந்த எங்கள் காதுவரை கேட்குமே, அம்மா!

மாரடைப்பிலிருந்து பிழைத்து வந்த அந்தத் தையல்காரப் பெண்மணியை மறப்போமா? மூடிய கண் மறுபடி திறக்காது என்ற அச்சத்தில் படுக்கவே மறுத்தவர் அவர். கடைசியாகச் செய்யும் ஆசனத்தைக் காட்டி, “இதுக்கு என்னம்மா பேரு?” என்று கேட்டார். பூசி மெழுகிச் சொல்லியிருக்கலாம். தாங்கள் சொல்லவில்லை.

“சவாசனம். சவம்னா பொணம். பொணம் மாதிரி அசையாம கிடக்கணும். ஆனா அதுக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு இருக்கு. நான் கூப்பிட்டா எந்திரிச்சுடலாம்.”

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். “அப்ப தினமும் ஒரு தடவ போயிட்டுத் திரும்பி வரலாங்கறீங்க!” என்றார். கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டையே விட்டார். அவ்வேளை வாசலைக் கடந்துபோன நிர்வாகி அவர்களுக்கு அந்தக் குறட்டை கேட்கவில்லை; பிணம் என்ற சொல் மட்டும் கேட்டது.

மறுநாளே தங்களை அழைத்தார்.

“ஆஸ்பத்திரில நின்னுகிட்டு பொணம், பாம்புன்னு பேசறீங்க. யாராவது கம்ப்ளெயின்ட் குடுத்தா யார் பதில் சொல்றது? இனிமே பேரும் வேணாம், அர்த்தமும் வேணாம். நம்பர் போட்டுடுங்க.”

“நம்பரைக் கேட்டா உடம்புக்கு என்ன சார் புரியும்?”

“புரிய வேணாம். செஞ்சாப் போதும்.”

அறிவார்ந்த அவையோரே, அந்த வாக்கியத்தைக் கேட்டீர்களா? புரிய வேண்டாமாம்!

கூடத்துச் சுவரில் எண்பலகை ஏறியது. கட்டில் வாரியாக, அவரவர் செய்யவேண்டிய ஆசனத்தின் எண் மட்டும் அதில். முதுகுத் தண்டில் வலியோடு கிடந்த லாரி ஓட்டுநருக்கு எழுதியது 6. அது மகராசனம். மகரம் என்றால் முதலை; கரையேறிய முதலைபோல் குப்புறக் கிடந்தால் போதும், வேறு வேலை இல்லை. ஒரு காலையில் தாங்கள் வருமுன்பே வந்தவர், சுவர்ப்பக்கம் தலைவைத்து மல்லாந்து படுத்தபடி பலகையை அண்ணாந்து பார்த்தார். தலைகீழாகத் தெரிந்த ஆறு, ஒன்பதாயிற்று. ஒன்பது, ஹலாசனம். ஹலம் என்றால் கலப்பை. காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும், கழுத்தின்மேல் பாரம் ஏறும் ஆசனம். முந்தின நாள் பக்கத்துப் பாயில் ஒருவர் ஒன்பதைச் செய்யக் கண்டிருந்தவர், அதேபோல் காலைத் தூக்கினார். அவர் அலறிய அலறலில் வார்டே ஓடிவந்தது. ‘முதலை’ என்றோ ‘கலப்பை’ என்றோ சொல்ல விட்டிருந்தால், இரண்டையும் எந்தப் பிள்ளையாவது குழப்பிக்கொள்ளுமா?

விசாரணை என்று ஒன்று நடந்தது. முடிவு என்ன தெரியுமா? “நோயாளிக்கு உரிய விளக்கம் அளிக்கத் தவறினார்” என்பது! விளக்கக் கூடாது என்று வாய்ப்பூட்டுப் போட்டவர்களே, விளக்கவில்லை என்று தண்டித்தார்கள். அநியாயத்துக்கும் ஓர் அளவு வேண்டாமா?

கழுத்துப்பட்டையோடு அந்த ஓட்டுநரே நிர்வாகி அறைக்குப் போய் நின்றார். “அந்தம்மா வாயை அடைச்சது நீங்க. ஏன் வாயத் தொறக்கலன்னு கேக்கறதும் நீங்களா? வலி எனக்கு. நான் அவங்களக் குத்தம் சொல்லல, நீங்க யாரு சொல்ல?” என்று கேட்டார். பலகை மட்டும் சத்தமில்லாமல் இறங்கியது. தாங்கள் கூடத்துக்குத் திரும்பவில்லை. கடைசி ஓராண்டு முழுதும் வெளிநோயாளிகளுக்கு டோக்கன் கிழித்துக் கொடுக்க வைக்கப்பட்டீர்கள். அங்கும் தாங்கள் சும்மா இருந்தீர்களா? வரிசையில் கால்கடுக்க நின்றவர்களிடம், “விருட்சம்னா மரம். மரம் எங்கயாவது கோணிக்கிட்டு நிக்குமா? ரெண்டு கால்லயும் பாரத்தைப் போடுங்க” என்றீர்கள். வரிசை நிமிர்ந்தது. எங்கள் தலைதான் குனிந்தது.

இன்று காலை எங்களில் சிலர் நிர்வாகியிடம் சென்று, மேடையில் வருத்தம் தெரிவித்து இரண்டு வார்த்தை பேசுமாறு கேட்டோம். “நல்ல நாளும் அதுவுமா பழசைக் கிளறாதீங்க. சால்வை நல்லதாவே வாங்கியிருக்கோம்ல?” என்றார்.

ஐயா, சால்வை தோளை மூடும், பழியை மூடாது.

அம்மா! இம்மடலை இரண்டு படிகளாக எழுதிச் சட்டமிட்டிருக்கிறோம். ஒன்று தங்கள் இல்லத்துக்கு. மற்றொன்றை, நிர்வாகி அவர்கள் நாளும் ஏறி இறங்கும் படிக்கட்டின் திருப்பத்தில், அவர் கண்மட்டத்தில் மாட்டப்போகிறோம். கழற்றச் சொன்னால், காரணத்தையும் அவரே சொல்ல வேண்டியிருக்கும். தங்கள்மீது சுமத்திய பழி நீங்கும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.

வலி என்பது தங்கள் வாசல் பக்கமே வராதிருக்கட்டும்! உறக்கம் தங்கள் ஏவலுக்குக் காத்திருக்கட்டும்! பேரப்பிள்ளைகள் தங்கள் முன் பாயை விரித்துப்போட்டு, “இது என்ன? அது என்ன?” என்று ஓயாமல் நச்சரிக்கட்டும், தாங்கள் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிச் சொல்லி நெடுங்காலம் நிறைவாழ்வு வாழ்க!

சினமும் அன்பும் சமமாகக் கலந்து,
செவிலியர், உடற்பயிற்சிச் சிகிச்சையாளர், வார்டு உதவியாளர், சலவைப் பிரிவினர்,
அவர்களோடு கையெழுத்திட்டே தீருவேன் என்று வந்து நின்ற லாரி ஓட்டுநர்