தரைத்தளப் பூட்டு

எல்லோரும் கூப்பிடும் பெயர் பத்தவெச்சான். வெல்டிங் செய்வதால் வந்த பெயர், சண்டை மூட்டிவிடுவதால் அல்ல. வயது 46. விலாசம் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்சந்து, மூன்றாவது வீடு.

நான் மேற்படி விலாசத்தில் மனைவி, இரண்டு பெண்களுடன் குடியிருந்து வருகிறேன். பதினெட்டு வருடமாகப் பஸ் நிலையச் சுவர் ஓரம் கேட், ஜன்னல் கம்பி செய்துவந்தேன். சென்ற வருடம் நகர அலுவலகத்தார் எங்கள் முப்பத்தாறு பேரை அங்கிருந்து எழுப்பி, சிறுதொழில் வளாகம் என்று புதிதாகக் கட்டிய மாடிக் கட்டடத்தில் குலுக்கல் போட்டு அறை கொடுத்தார்கள். எனக்கு மூன்றாவது மாடி விழுந்தது. பஞ்சர் ஒட்டுபவருக்கு இரண்டாவது மாடி. அவர், "ஏன்ணே, லாரிய நான் தூக்கிட்டுப் போகணுமா, இல்ல அதுவே படியேறி வருமா?" என்றதற்கு எல்லோரும் சிரித்தோம். அதன் பிறகு சிரிக்கவில்லை.

தரைத்தளத்தில் ஆறு அறைகள் பூட்டியே கிடந்தன. அதில் ஒன்று கேட்டு நகர அலுவலகத்தில் ஐந்து மனு கொடுத்தேன். ஐந்தாவதைக் கொடுக்கப் போனபோது முதல் மனு அங்கே எழுத்தரின் டீ கிளாசுக்கு அடியில் இருந்தது. எழுத்தர், "மேல நல்லா காத்து வரும்யா, கெடச்சத வெச்சிக்க" என்றார்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கேட் செய்து, நானும் உதவிக்கு வரும் என் மச்சானும் படிவழியே இறக்கியபோது, திருப்பத்தில் அது திரும்பவில்லை. காலை பத்திலிருந்து ஒரு மணிவரை நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்துவிட்டு, அதன் பிறகு படியிலேயே வைத்து கட்டிங் மெஷினால் இரண்டாக அறுத்தேன். மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

அதன் பிறகு கீழே வந்து, அதே மெஷினால் முதல் அறையில் பூட்டு மாட்டியிருந்த கொண்டியை அறுத்துத் திறந்தேன். உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத நாற்காலிகள்தான் இருந்தன. அவற்றைச் சேதமில்லாமல் ஓரமாக அடுக்கிவிட்டு, அறுத்த கேட்டை அங்கேயே வெல்டிங்கில் ஒட்டி முடித்து, மறுநாள் பள்ளிக்கூடத்தில் மாட்டினோம். அதற்குள் பஞ்சர்காரரும் காற்றடிக்கும் மெஷினோடு அந்த அறைக்கு வந்துவிட்டார்.

மூன்றாம் நாள் நகர அலுவலக அதிகாரி போலீசாருடன் வந்து, யார் அறுத்தது என்று கேட்டார். பஞ்சர்காரர், "எல்லாரும் சேந்துதான் சார்" என்றார். அது உண்மையல்ல. அறுத்தது நான் ஒருவன்தான்.

அதன் பிறகு எங்கள் சாமான்களை வெளியே எடுத்துவைத்தார்கள். கதவைப் பூட்டக் கொண்டி இல்லை. அதிகாரி என்னிடம், "வேற ஆளுக்கு நான் எங்க போவேன்? நீயே ஒட்டிக் குடுத்துட்டு ஜீப்புல ஏறு" என்றார். ஒட்டிக் கொடுத்தேன். இழுத்துப் பார்த்து, "வேலை சுத்தமா இருக்கே" என்றார். அதன் பிறகு பூட்டினார்கள்.

ஸ்டேஷனில் எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது. சொன்னதெல்லாம் நடந்தது.

(ஒப்பம்)