மூடிய அறைக்குள் பாதிரியார் சொன்னது

இறந்தவருடைய அக்கா, வயது இருபத்தேழு, சலவைக்கடைக்கு மேல் மூன்றாம் மாடியில் தாயாருடன் வசிப்பவர், மூக்குக்கண்ணாடிக் கடை ஊழியர், விசாரித்தபோது கூறியது:

என் தாயார் கொடுத்திருக்கும் புகாரில், பாதிரியார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு என் தங்கையைப் பிடித்திருந்த பேயைத் திரும்ப அழைத்தார் என்றும், அதனால்தான் மறுநாள் அவள் மாடியிலிருந்து விழுந்து இறந்தாள் என்றும் உள்ளது. கதவைச் சாத்தியது நான். அறைக்குள் நானும் இருந்தேன்.

என் தங்கைக்கு வயது பத்தொன்பது. கீழே உள்ள சலவைக்கடையில் இஸ்திரி போடும் வேலை பார்த்தாள். மழைக்காலத் தொடக்கத்தில் ஒருநாள் வேலையின் நடுவே ஆண் குரலில் வாடிக்கையாளர் ஒருவரைக் கெட்ட வார்த்தையில் திட்டினாள். அவர் சிரித்துவிட்டு, "பொண்ணு நல்லா மிமிக்ரி பண்ணுது" என்று சொல்லிப் போனார். அதன்பின் அந்தக் குரல் வீட்டிலும் வந்தது. பெரும்பாலும் அம்மாவைத்தான் திட்டியது. நான் அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் சென்று மாத்திரை வாங்கி வந்தேன். அம்மா அதைக் கொடுக்க விடவில்லை. "பேய்க்கு மாத்திரை குடுத்தா அது இன்னும் கொழுக்கும்டி" என்றார்.

அதன்பின் பாதிரியார் தன் கண்ணாடியின் காது வளைந்துவிட்டதென்று எங்கள் கடைக்கு வந்தபோது, அதை நிமிர்த்திக்கொண்டே விவரத்தைச் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஜெபம் செய்துவிட்டு, மாத்திரையை ஆசீர்வதித்து, தவறாமல் கொடுக்கும்படி அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். அவர் கடை வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"எனக்கு இதுல நம்பிக்கை கிடையாதும்மா. பேய்ல மட்டும் இல்ல."

"எனக்கும் இல்ல ஃபாதர். அதனாலதான் உங்ககிட்ட கேக்குறேன்."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வருவதாக ஒப்புக்கொண்டார்.

அதன்படி அவர் வந்தபோது என் தங்கை வாசலிலேயே நின்று, "செருப்பை வெளியிலயே விடுங்க ஃபாதர், இப்பத்தான் கூட்டினேன்" என்றாள். அது அவளுடைய சொந்தக் குரல். அம்மாகூடச் சிரித்தார். ஜெபம் தொடங்கியதும் மற்றக் குரல் வந்தது. "நீ வேலைக்கு வந்திருக்க. வேற எதுக்கும் வரல" என்று அவரிடம் சொன்னது. அவர் விரல் புத்தகத்தில் வரியைத் தவறவிட்டது. மறுபடி தேடிப் பிடித்து வாசித்து முடித்தார். அதன்பின் மாத்திரை அட்டையின் மேல் சிலுவை வரைந்து அம்மாவின் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அம்மாவே மாத்திரையைத் தன் கையால் ஊட்டினார். குரல் மெல்லக் குறைந்து, பிறகு வரவேயில்லை.

அதன்பின் அம்மா பாதிரியாரை மறுபடி வரவழைத்து, "போயிடுச்சா ஃபாதர்?" என்று கேட்டார். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையசைத்தேன். "போயிடுச்சும்மா" என்றார். படியிறங்கும்போது, "இல்லாத ஒண்ணைப் போயிடுச்சுன்னு சொன்னா அது பொய்யா?" என்று என்னிடம் கேட்டார். இல்லை என்றேன்.

அன்றே அம்மா மாத்திரையை நிறுத்திவிட்டார். அவளுக்கு மறுபடி உடம்பு கெட்டபிறகுதான் அது எனக்குத் தெரிந்தது. கேட்டதற்கு, "போனதுக்கு எதுக்குடி மருந்து?" என்றார். இப்படியொரு கேள்வி வரும் என்று நானும் பாதிரியாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சில வாரங்கள் கழித்து, நான் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தபோது என் தங்கை, "அக்கா, அது மறுபடியும் பேசுது. ஆனா அதுதான் போயிடுச்சே. அப்ப இப்பப் பேசுறது நான்தானே?" என்றாள். நான் சீப்பை வைத்துவிட்டுப் பாதிரியாருக்கு போன் செய்தேன். அவர் உடனே வந்தார். அம்மா கேட்கக் கூடாது என்று நான் கதவைச் சாத்தினேன். வெளியில் அம்மாவின் தையல் மெஷின் ஓடும் சத்தம் நின்றது.

பாதிரியார் புத்தகம் கொண்டுவரவில்லை. அவள் எதிரில் தரையில் உட்கார்ந்து, "நான் சொன்னது பொய்ம்மா. அப்படி ஒண்ணு இருந்ததே இல்ல. உனக்கு உடம்பு சரியில்ல, அவ்வளவுதான். மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்" என்றார். அவள் அழவில்லை.

"அப்ப அம்மாவை அப்படியெல்லாம் திட்டினது? ஆரம்பத்துலருந்தே நான்தானா?"

அது நோய், நீ இல்லை என்று அவர் பலமுறை சொன்னார். அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "உங்களையும் அன்னைக்கு ஏதோ சொல்லிட்டேன் ஃபாதர். மனசுல வச்சுக்காதீங்க" என்றாள். இதைத் தவிர அறைக்குள் வேறு எதுவும் நடக்கவில்லை. அவர் அவளைத் தொடவும் இல்லை.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போவதாக முடிவு செய்தோம். அன்று மாலை என் தங்கை அம்மாவின் புடவைகளையும் என் உடுப்புகளையும் எடுத்து, ஒன்று விடாமல் இஸ்திரி போட்டு மடித்து வைத்தாள். அவளுடையதில் ஒன்றுக்கு மட்டும் போட்டாள். காலையில் நான் வண்டி பிடிக்கக் கீழே இறங்கியபோது அவள் மொட்டை மாடிக்குப் போனாள். அந்த உடுப்பைத்தான் போட்டிருந்தாள்.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "அது திரும்பி வந்துச்சாடி? உண்மையைச் சொல்லு" என்று கேட்டார். "ஆமாம்மா, வந்துச்சு" என்றேன். "அப்ப அவ இல்ல. அதுதான் அவளைத் தள்ளிச்சு" என்றார். அதன்பிறகுதான் ஒரு வாய் தண்ணீர் குடித்தார். நான் சொன்னதை வைத்துத்தான் மறுநாள் புகார் கொடுத்திருக்கிறார். பாதிரியார் எதையும் மறுக்காமல், தானே காரணம் என்று உங்களிடம் சொல்லியிருப்பதாக அறிகிறேன். அவர் அழைக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.

இந்த வாக்குமூலத்தை என் தாயாருக்குப் படித்துக் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். புகார் கொடுத்தவருக்கு நகல் தர வேண்டியிருக்கும் என்று அதிகாரி தெரிவித்தார். அதையும் இதில் எழுதச் சொன்னேன்.

எழுதியதை நானே ஒருமுறை வாசித்தேன். எதையும் மாற்றச் சொல்லவில்லை. நகல் யாருக்குப் போகும் என்று தெரிந்தே கீழே கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) இறந்தவரின் அக்கா