ஒன்பது நிமிட இராசதுரை

எனக்கு இருமல் சத்தம் பிடிக்காது. எல்லாம் அதிலிருந்துதான் தொடங்கியது.

விசாரணைக் குழுத் தலைவர் அவர்களே, அந்த போனை இன்னும் கொஞ்சம் கிட்ட வையுங்கள். மின்விசிறிச் சத்தம் பதிவைக் கெடுத்துவிடும். என் பெயர் சுபாகரன். பல்கலைக்கழக ஒலிப்பதிவுக் கூடத்தில் பதினெட்டு வருடமாகத் தொழில்நுட்ப அலுவலர். பேராசிரியர் இராசதுரையின் ‘வாவிச் சூழலியல்’ விரிவுரைகளைப் பதிவுசெய்து, பிள்ளைகள் போனில் கேட்கும்படி பொட்காஸ்டாக ஏற்றுவது என் வேலை. தொண்ணூற்றொரு பிள்ளைகளில் எண்பத்து நான்கு பேர் அந்தப் பாடத்தில் தோற்றது எப்படி என்று கேட்டீர்கள். ஒழுங்காகச் சொல்கிறேன்.

முதல் விரிவுரை ஐம்பது நிமிடம். அதில் பதினொரு இருமல். வெட்டினேன். நீங்களும் வெட்டியிருப்பீர்கள்.

அடுத்த வாரம் உசாந்தி என்ற பிள்ளை கூடத்துக்கு வந்தாள். மண்டூர்ப் பிள்ளை. தினமும் பாதையில் வாவியைக் கடந்து வருகிறவள். ஆளையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றி வரும் மிதவையைத்தான் இங்கே பாதை என்போம். குழுவில் வெளியூர்க்காரர் இருப்பதால் சொல்கிறேன்.

“சேர், பாதை இந்தக் கரைக்கு வாறதுக்குள்ள பாடம் முடியணும். மறுகா பஸ்ஸில ஏறினா ஹோர்ன் சத்தத்தில ஒண்டும் கேக்காது.”

“பாதை எவ்வளவு நேரம் ஓடும்?”

“ஒம்பது நிமிசம். சேர், அவர் நாப்பது நிமிசம் நோர்வேயிலதானே நிக்கிறார். வாவிக்கு வந்து சேர மணி அடிச்சிருது.”

நியாயமான கோரிக்கை. பேராசிரியர் ஒரு காலத்தில் பதினான்கு மாதம் நோர்வேயில் இருந்தார். அவர் திரும்பி வந்து இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. விரிவுரை இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே நோர்வேயை எடுத்தேன். பிறகு ‘அதாவது’க்களை எடுத்தேன், நூற்று நாற்பது. அவர் தன் நூல்களைப் பற்றிச் சொன்னவற்றையும் எடுத்தேன். ஒன்பது நிமிடம் இருபது விநாடி மிஞ்சியது. அந்த இருபது விநாடியில் உதாரணங்கள் இருந்தன. அவற்றையும் எடுத்தேன்.

முன்பு பன்னிரண்டு பேர் கேட்ட பொட்காஸ்டை இப்போது அறுநூறு பேர் கேட்டார்கள். தேற்றாத்தீவு மீனவர் சங்கம் பேராசிரியருக்கு ஒரு பொன்னாடையே போர்த்தியது. அதைக் கழற்றாமலே என் கூடத்துக்கு வந்தார்.

“பாத்தீங்களா தம்பி, சனம் நோர்வேக்காகத்தான் கேக்குது.”

“ஓம் சேர். நீங்களும் ஒருக்காக் கேட்டுப் பாருங்களேன்.”

“நான் ஏன் கேக்கணும்? எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.”

நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

ஆறாம் வாரம் ஒரு மாணவன் எழுந்து, வாவியில் மீன்கள் ஏன் திடீரென்று செத்து மிதக்கின்றன என்று கேட்டான். பேராசிரியர் இருபத்திரண்டு நிமிடம் பதில் சொன்னார். மூன்று தடவை கேட்டேன். உள்ளே பதில் இல்லை. சுருக்க வேண்டியது என் கடமை. இரண்டாம் வாரத்தில் ‘எனக்கு’ என்று சொல்லியிருந்தார். நான்காம் வாரத்தில் ‘நோர்வேக்காரருக்கு உறைப்பென்றால் என்னவென்றே தெரியாது’ என்றார். இரண்டையும் தைத்தேன். ‘எனக்குத் தெரியாது.’ தையல் தெரியவே இல்லை. முப்பது வருடச் சேவையில் அவர் சொன்ன மிகத் தெளிவான வாக்கியம் அது. அதற்குப் பிறகு பிள்ளைகள் மண்டபத்துக்கு வருவதையே விட்டுவிட்டார்கள். போனிலிருந்த இராசதுரையைத்தான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

பிறகு பரீட்சை வந்தது. முதலாம் வினா, கட்டாயமானது: ‘நோர்வே மீன்சந்தையில் விரிவுரையாளர் கண்டவற்றை மட்டக்களப்பு வாவியோடு ஒப்பிடுக.’ இரண்டாம் வினா: ‘விரிவுரையாளர் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி பனியில் வழுக்கி விழுந்ததன் சூழலியல் முக்கியத்துவத்தை ஆராய்க.’

தேறிய ஏழு பேரும் போன் பழுதாகி வேறு வழியில்லாமல் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தவர்கள். உசாந்தி இரண்டு வினாவுக்கும் ‘எனக்குத் தெரியாது’ என்று எழுதி, கீழே ‘பேராசிரியர் இராசதுரை, ஆறாம் வாரம்’ என்று மேற்கோள் காட்டியிருந்தாள். அதைப் பார்த்த பிறகுதான் பேராசிரியர் முதன்முதலாகத் தன் பொட்காஸ்டைக் கேட்டார். மீதியை நீங்கள் அறிவீர்கள்.

போன கிழமை உசாந்தி மறுபடி வந்தாள். கத்தவில்லை.

“சேர், கடற்றொழில் கந்தோரில எனக்கு வேலை சரிவந்திருக்கு. இந்தப் பாடம் பாஸானாத்தான் எடுப்பாங்களாம். அந்த நோர்வேயத் திருப்பித் தாங்க சேர்.”

எனக்கும் மனம் இருக்கிறது. நாளை மறுபரீட்சை, அதற்கு முன் வெட்டிய துண்டுகளையெல்லாம் ஏற்றச் சொல்லி நீங்களும் உத்தரவிட்டீர்கள். நான் எதையும் அழிப்பவனல்ல. ‘கழிவு’ என்று பெயரிட்டுப் பதினொரு மணித்தியாலப் பதிவையும் பத்திரமாக வைத்திருந்தேன். நேற்றுக் காலை ஏற்றிவிட்டேன். எண்பத்து நான்கு பேரும் இறக்கிவிட்டார்கள். நாளைக் காலை உசாந்தி அதைப் பாதையில் கேட்டுக்கொண்டு வருவாள்.

ஏற்றுமுன் ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் நீளம். அதிலிருந்த நோர்வேயையும் ‘அதாவது’க்களையும் எடுத்துவிட்டேன். மிஞ்சியது பெரும்பாலும் இருமல்தான், ஆனால் பாதை கரை தட்டுவதற்குள் முடிந்துவிடும்.