பன்னிரண்டாம் குழியின் குறுக்கே போகும் வழி

உப்புக் காற்றிலும் பசுமை வளர்த்தவரே! உரத்துப் பேசாமலே ஊழியரை நடத்தியவரே! பெரும்போட்டி வாசல்வரை வந்து நின்றபோதும், அதற்காக ஊரார் நடக்கும் வழியை அடைக்க மறுத்தவரே! எண்ணூர் கழிமுகக் கோல்ஃப் சங்கத்தின் மைதான மேலாளராக இருந்து இன்று பணிநிறைவு பெறும் எங்கள் மதிப்புக்குரிய திரு. வே. கிருஷ்ணப்பன் அவர்களே!

மைதானப் பணியாளர்கள், ஆட்டக்காரர்களின் மட்டைப் பையைச் சுமந்து உடன் நடக்கும் கேடிகள், அலுவலகத்தார், சமையற்கூடத்தார் ஆகிய எங்கள் அனைவரின் வணக்கமும் இம்மடல் வழியாக உங்களைச் சேரட்டும்.

தோட்டக்கலைப் பட்டயம் முடித்த கையோடு, எம்.கே.பி. நகரிலிருந்து சைக்கிளில் வந்து இங்கே உதவியாளராகச் சேர்ந்தீர்கள். அதற்குப் பின் முப்பத்தொரு ஆண்டுகள். கடைசிப் பதினோரு ஆண்டுகள் மேலாளர் நாற்காலி உங்களுடையது. நாற்காலி என்று எழுதுகிறோமே தவிர, நீங்கள் அதில் உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்களில் குறைவு. பெரும்பாலும் அதன் மேல் உங்கள் மழைக்கோட்டுதான் காய்ந்துகொண்டிருக்கும்.

உங்கள் குணங்களை வரிசைப்படுத்தி எழுத முயன்றோம். பொறுமை என்று முதலில் எழுதினோம். நீங்கள் கோபப்பட்டால் திட்ட மாட்டீர்கள், பேசாமல் இருந்துவிடுவீர்கள் என்பது நினைவுக்கு வந்ததும் அந்தச் சொல் சரிதானா என்று சந்தேகம் வந்தது. உங்கள் மௌனத்துக்கு நாங்கள் பயந்த அளவுக்கு யாருடைய சத்தத்துக்கும் பயந்ததில்லை. பெருவெள்ளம் வந்த டிசம்பரில், பக்கத்து மீனவர் குப்பத்துப் படகுகளைப் பதினெட்டாம் குழிக்குப் பக்கத்திலேயே கட்டிக்கொள்ளச் சொன்னீர்கள். தண்ணீர் வடிந்ததும் அங்கே புல் அழுகிப்போயிருந்தது. படகுக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்ப நட்டீர்கள். இதற்கு எந்தக் குணத்தின் பெயரைப் போடுவது என்று தெரியாததால் வரிசையை அங்கேயே நிறுத்திவிட்டோம்.

இந்த அவையில் விருந்தினரும் இருப்பதால் ஒன்றை விளக்க வேண்டும். நம் மைதானம் நூறாண்டு கடந்தது. துறைமுகத்து வணிகர்களான வெள்ளைக்காரர்கள் இதை அமைத்தபோதே, புன்னைக்குப்பத்திலிருந்து கழிமுகத்துக்குப் போகும் மணல் வழி ஒன்று இங்கே இருந்தது. அது பன்னிரண்டாம் குழியின் குறுக்கே, பந்தடிக்கும் மேடைக்கும் குழிக்கும் நடுவே போகிறது. குப்பத்து மக்கள் வலையோடும் கூடையோடும் அதில் நடப்பார்கள். யாராவது அதில் கால் வைத்தால், பக்கத்து மேட்டில் நிற்கும் கேடி சிவப்புக் கொடியைத் தூக்குவார். ஆட்டம் நிற்கும். அவர்கள் கடந்த பிறகு கொடி இறங்கும், ஆட்டம் தொடரும். இதற்கு எழுதிய விதி கிடையாது. பெரிய பெரிய அதிகாரிகளும் மட்டையை ஊன்றிக்கொண்டு மீன் கூடை கடக்கும்வரை காத்து நின்றிருக்கிறார்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஆசிய மகளிர் கோல்ஃப் பெருந்தொடரை நம் மைதானத்தில் நடத்தலாம் என்று பேச்சு வந்தது. மைதானத்தை மாற்றியமைக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. பதினெட்டுக் குழிகளையும் சுற்றியுள்ள கிரீன் என்னும் புல்தளங்களைப் பெயர்த்து, உப்பைத் தாங்கும் புல் நட்டீர்கள். பந்தடிக்கும் தொடக்க மேடைகளைப் பின்னுக்குத் தள்ளினீர்கள். தூர்ந்துபோன மணல் பள்ளங்களைப் பழைய படங்களைப் பார்த்து அதே வடிவில் தோண்டவைத்தீர்கள். மாற்றிய பிறகும் இது பழைய மைதானமாகவே தெரிகிறது என்று மூத்த உறுப்பினர்கள் சொன்னபோது நீங்கள் முகம் மலர்ந்ததை நாங்கள் பார்த்தோம். இந்தத் தொடரை மேலாளராக நின்று நடத்திவிட்டு ஓய்வுபெற வேண்டும் என்பதே அப்போது உங்கள் ஆசை. எங்கள் ஆசையும் அதுதான்.

வடிவமைப்பாளர்கள் வரைந்துகொண்டு வந்த படத்தில் அந்த மணல் வழி இல்லை. அதன் இடத்தில் ஒரு வேலி இருந்தது. அவர்களோடு பல நாள் உட்கார்ந்து பேசி, பன்னிரண்டாம் மேடையை இடப்பக்கம் நகர்த்தி, வேலியை அழித்து, வழியைப் படத்தில் மறுபடி வரையவைத்தீர்கள்.

இனி எழுதப்போவது உங்கள் தவறு ஒன்றைப் பற்றி. பாராட்டு மடலில் அது தகுமா என்று எங்களுக்கு இன்னும் உறுதியில்லை. அதை விட்டுவிட்டு ஒருமுறை எழுதிப் பார்த்தோம். எழுதியதில் நீங்கள் இல்லை. ஆகவே சேர்த்திருக்கிறோம், பொறுத்தருள்க.

வழியைக் காப்பாற்றிய பிறகு, அது வெறும் மணலாகக் கிடப்பதைப் பார்க்க உங்களுக்கு மனம் வரவில்லை. சுற்றிலும் பச்சை, நடுவே சாம்பல் நிறக் கோடு. அதன் மேல் முதல் தரப் புல் பாயை விரிக்கச் சொன்னீர்கள். “நடக்கறவங்க மெத்து மெத்துனு நடக்கட்டும்பா” என்றீர்கள். குப்பத்துக்கு நீங்கள் கொடுத்த பரிசு அது. நாங்களும் மகிழ்ச்சியோடுதான் விரித்தோம்.

அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் வரவில்லை. கடலில் மீன் இல்லை போலும் என்று நினைத்துக்கொண்டோம். கொடி பிடிக்கும் லட்சுமணன் அண்ணன்தான் தேநீர் வேளையில் சொன்னார்: “சார், கொடிக்கு வேலையே இல்ல. நம்மளும் ரிட்டயர் ஆயிடலாம் போல கீது.”

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு குப்பத்துப் பக்கம் போனீர்கள், லட்சுமணன் அண்ணன் பின்னால் உட்கார்ந்தார். கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டும் நெடுஞ்சாலையில், லாரிக்கும் பள்ளத்துக்கும் நடுவே, தலையில் மீன் கூடையோடு குப்பத்து மலர்க்கொடி அக்கா வந்துகொண்டிருந்தார். அங்கே நடந்த பேச்சை லட்சுமணன் அண்ணன் சொன்னபடியே எழுதுகிறோம். முதலில் கேட்டது நீங்கள்.

“இன்னாம்மா, இந்த லாரிங்க நடுவுல வந்துகினு கீற? நம்ம வழி இன்னா ஆச்சு?”

“அங்க புதுப் புல்லு போட்டுகீறியே நைனா.”

“உங்களுக்குத்தாம்மா போட்டது. அது மேலயே நடங்க.”

“நல்லா சொன்ன போ! எங்க வூட்டுக்காரரு உன்னாண்ட கேடியா இருந்தப்போ, தெரியாம புதுப் புல்லுல கால வெச்சிட்டாருன்னு ரெண்டு நாளு அவராண்ட பேசாம இருந்தியே, மறந்துட்டியா? அவரு வூட்ல வந்து சோறு துன்னாம குந்திகினு இருந்தாரு. அன்னிலேர்ந்து எங்க குப்பத்துல கொழந்தைக்குக்கூடத் தெரியும், புதுப் புல்லுல கால் வெக்கக் கூடாதுன்னு.”

“அப்போ வந்து ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“பெரிய மேட்ச்சு வருதுன்னு எல்லாரும் குஷியா கீறீங்க. நடுவுல நாங்க வந்து எதுக்கு பேஜாரு பண்ணணும்? ஏதோ வேலின்னா சண்ட போடலாம். புல்லாண்ட இன்னான்னு சண்ட போடறது?”

ஸ்கூட்டரைத் திருப்பினீர்கள். வேலி செய்யாததை உங்கள் புல் செய்துவிட்டது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தீர்களாம்.

மறுநாள் காலை தொடரின் ஆய்வு அதிகாரி திரு. ஜெரி வருவதாக இருந்தது. அந்த மத்தியானமே வழியின் மேலிருந்த புல் பாயைப் பெயர்க்கச் சொன்னீர்கள். புல்வெட்டும் இயந்திரம் ஓட்டும் ஜஹாங்கீர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“சார், நாளைக்குப் பொண்ணு பாக்க வராங்க. இன்னிக்குப் போயி மொட்ட அடிக்கிறீங்களே!”

“மொட்ட அடிச்சாலும் மூஞ்சி நம்ம மூஞ்சிதான ஜஹாங்கீரு? மண்வெட்டிய எடு.”

முதல் பாயை நீங்களே சுருட்டினீர்கள். பழைய மணல் தெரிந்தது. அன்று மாலையே குப்பத்துப் பெண்கள் வந்தார்கள். சற்றுத் தயங்கி நின்றார்கள். நீங்கள் வழியின் நடுவில் போய் நின்று கையால் அழைத்த பிறகுதான் இறங்கி நடந்தார்கள்.

திரு. ஜெரி வந்தார். எல்லாக் கிரீன்களையும் பாராட்டினார். பன்னிரண்டாம் குழியில் வெகுநேரம் நின்றார். வழி இருக்கலாம், ஆனால் போட்டி நடக்கும் நான்கு நாளும் மூடியிருக்க வேண்டும் என்று எழுதிவிட்டுப் போனார். சங்கத்தின் குழு அதை ஏற்கத் தயாராகவே இருந்தது. குழுவைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. நாங்களும் அந்தப் பக்கம்தான் இருந்தோம். ஒப்பாதவர் நீங்கள் ஒருவர்தான். உதவி மேலாளர் மதி உங்களிடம் கெஞ்சியே விட்டார்: “நாலு நாளுதான சார், வுட்டுக் குடுங்க. இவ்ளோ செஞ்சிட்டு, தொடர் தள்ளிப்போயி மேட்ச் அன்னிக்கி நீங்க இல்லன்னா எப்பிடி சார்?”

செயலாளர் திருமதி ஃப்ளோரா அவர்கள் நிலைமையை மறைக்காமல் சொன்னார். “மறுஆய்வு கேக்கலாம் கிருஷ்ணப்பன். ஆனா கேட்டா, தொடர் இந்தப் பிப்ரவரியில நடக்காது. அதுக்கு அடுத்த ஜனவரிக்குப் போயிடும். நீங்க ஜூலையில ரிட்டயர் ஆகறீங்க. மறுஆய்வுலயும் முடியாதுன்னுட்டாங்கன்னா தொடரே வேற ஊருக்குப் போயிடலாம். யோசிச்சு சொல்லுங்க.”

நீங்கள் யோசித்த மாதிரியே தெரியவில்லை. “இப்போ அவங்க யாரையும் கேக்காம நடக்கறாங்க மேடம். நாலு நாள் மூடினோம்னா, அஞ்சாவது நாள் நம்மள கேட்டுட்டுதான் நடக்கணும். அப்புறம் அது வழி இல்ல, பர்மிஷன். மறுஆய்வே கேளுங்க” என்றீர்கள்.

அன்று எங்களில் பலருக்கு உங்கள் மேல் வருத்தம். தொடர் கைநழுவினால் என்ன ஆகும் என்ற பயமும் இருந்தது. சில வாரங்கள் உங்களோடு சரியாகப் பேசவில்லை. உங்கள் வித்தையை உங்களிடமே காட்டினோம். நீங்கள் வழக்கம்போல் ஒவ்வொருவரையும் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனீர்கள்.

மார்ச் மாதம் திரு. ஜெரி மறுபடி வந்தார். இந்த முறை இரண்டு வீராங்கனைகளை அழைத்து வந்து பன்னிரண்டாம் குழியில் ஆடச் சொன்னார். ஒருவர் மட்டையை ஓங்கும் நேரம் மலர்க்கொடி அக்கா வழியில் இறங்கினார். கொடி ஏறியது. அந்தப் பெண் மட்டையைத் தாழ்த்திவிட்டு நின்றார். அக்கா அவசரப்படவில்லை. கடந்து முடித்து, திரும்பிப் பார்த்து, “நான் போய்ட்டேன், நீ அட்ச்சுக்கோ கண்ணு!” என்று கத்தினார். வீராங்கனைக்குத் தமிழ் தெரியாது. சிரித்துக்கொண்டே அடித்தார். நல்ல அடி.

திரு. ஜெரி அவரிடம் போய், இடையூறாக இருந்ததா என்று கேட்டார். முன்னால் ஆடுபவர்கள் முடிக்கும்வரை காத்திருப்பது ஆட்டக்காரர்களுக்குப் பழக்கம்தானே, இவரும் முன்னால் போகிறவர், அவ்வளவுதான் என்றார் அந்தப் பெண். அதற்கு அடுத்த மாதம் கடிதம் வந்தது. தொடர் ஜனவரியில் இங்கேயே நடக்கும், வழி நான்கு நாளும் திறந்திருக்கும், கொடி ஏறினால் ஆட்டம் நிற்கும். நூறாண்டாக எழுதாமல் இருந்த விதி, தொடரின் விதிகளில் ஒன்றாக அச்சாகியிருக்கிறது.

இன்று ஜூலை முடிகிறது. நீங்கள் மாற்றியமைத்த மைதானத்தில், நீங்கள் இல்லாமல் அந்தத் தொடர் நடக்கப்போகிறது. இதைச் சுற்றி வளைத்து இனிப்பாகச் சொல்ல எங்களுக்குத் தெரியவில்லை. எங்களுக்கு வருத்தமாக இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும் என்று நினைக்கிறோம். நாளை முதல் மேலாளராகும் மதி ஒரு வாக்குத் தர விரும்புகிறார். அந்த வழியில் புல் முளைத்தால் அவரே பிடுங்குவாராம்.

நீங்களும் உங்கள் துணைவியாரும் நோய்நொடியின்றி நெடுநாள் வாழ வேண்டும்! காலை வெயிலுக்கு முன் எழும் பழக்கம் உங்களை விட்டுப் போகாவிட்டாலும், எழுந்ததும் ஓடவேண்டிய அவசரமாவது போகவேண்டும்! எம்.கே.பி. நகர் வீட்டு மாடித் தொட்டிகளில் எது வளர்ந்தாலும் நன்றாக வளர வேண்டும்!

தொடருக்கான சிறப்பு விருந்தினர் சீட்டைச் செயலாளர் உங்களிடம் நேற்று நீட்டினார். நீங்கள் அதை வாங்கவில்லை. “நான் குப்பத்துப் பக்கமா வந்துக்கறேன் மேடம். அதுக்கு சீட்டு கேக்க மாட்டாங்க” என்று சொன்னதாகக் கேள்விப்பட்டோம். அப்படியே வாருங்கள் ஐயா! ஒரு வேண்டுகோள் மட்டும். எங்களைப் பார்த்ததும் ஆட்டத்துக்குத் தடையாகிறோமே என்று நடையை வேகப்படுத்தாதீர்கள். நடுவில் நின்று பன்னிரண்டாம் கிரீனை ஒருமுறை நன்றாகப் பாருங்கள். பிறகு மெதுவாகக் கடந்து போங்கள். நாங்கள் காத்திருப்போம்.

நன்றியும் மரியாதையும் நிறைந்த மனத்தோடு,
உங்களோடு வெயிலில் நின்ற பணியாளர்கள்,
எண்ணூர் கழிமுகக் கோல்ஃப் சங்கம்.
எண்ணூர், ஜூலை 31.